வலிக்கவில்லை என்று எழுது

ஐப்பசி 4, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். கொடியில் போட்ட எதுவும் காயவில்லை. கேழ்வரகுக் கஞ்சியை இரண்டு முறை வடிகட்டியாயிற்று. திப்பி இருந்தால் என் மனைவி சரோஜாவின் மூக்குக் குழாயில் அடைத்துக்கொள்கிறது.

வாங்க வேண்டியது: பஞ்சு, பிளாஸ்திரி, பென்சில்.

பல் டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார். போனேன். அவர் கிளினிக்குக்கு இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. பல், ஈறு, வாய் பற்றி வாரம் ஒரு கட்டுரை போடுகிறார்கள். யாரும் படிப்பதில்லையாம். சீட்டு எழுதும் நஸ்ரீன் சொன்னது: "எங்கம்மா மட்டும் படிக்கிறாங்க தாத்தா. அதுவும் நான் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தாதான்." டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

பிறகு கேட்டார். வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு கட்டுரை. படித்தவர்கள் எழுதுகிற மாதிரி இல்லாமல், நானும் சரோஜாவும் சேர்ந்து எழுதித் தர முடியுமா என்று. சரோஜாவின் வாயில் அதைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

என்னைப் போய் எழுதச் சொல்கிறார்கள். போன வருடம் வரை கைநாட்டு. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். குடையை அங்கேயே மறந்துவிட்டேன்.

சரோஜா என்று ஒவ்வொரு முறையும் எழுத நேரம் ஆகிறது. இனி ச.

ஐப்பசி 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். ச.வுக்குக் கழுத்துக் கட்டி இன்னும் வீங்கியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரியில் போன மாதமே சொல்லிவிட்டார்கள், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. இனி மருந்து வலிக்கு மட்டும். சீக்கிரம் எழுதுங்கள் ஐயா என்று டாக்டரம்மா சொன்னது அதனால்தான். ச. கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும்.

ஆபரேஷனில் தாடை ஒரு பக்கமும் நாக்கில் பாதிக்கு மேலும் போயிற்று. பேச்சு போயிற்று. அவள் ஐந்தாவது வரை படித்தவள். சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓடுவேன். ஒரு நாள் அவர் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தார். "முதுவு தேய்ச்சி வுடணுமாம்பா. உன்னத்தான் கேக்குறாங்க." மறுநாளே பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

பிடித்த எழுத்து ழ. ண, ன இன்னும் சுழி எண்ணித்தான் போடுகிறேன்.

மதியம் எழுத உட்கார்ந்தேன். கீரைக்காரி தெருமுனை திரும்பும்போதே ச. வீட்டுக்குள்ளிருந்து விலை பேச ஆரம்பித்துவிடுவாள், என் பஞ்சர் கடைக்கு வந்தால் டியூபில் காற்று இறங்கும் சத்தம்கூடக் கேட்காது, அப்படிப் பேச்சு. இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். எனக்கே நன்றாக இருந்தது. அவளிடம் கொடுத்தேன். மெதுவாகப் படித்தாள். சிலேட்டை எடுத்தாள்.

"இது யாருக்கு?"

துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"வலிக்கவில்லை என்று எழுது."

ஐப்பசி 7, வெள்ளி

இரண்டு நாள் உட்கார்ந்து முடித்தோம். கொஞ்ச நேரம் எழுதுவாள், பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். காத்திருந்து எழுதினேன். முழுதும் அவள் சொன்னதுதான். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

'நான் பட்டுத் தறிக்குப் பாவு பிணைக்கிறவள். பழைய பாவு முடிந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிச் சேர்க்க வேண்டும். இழை வழுக்காமல் இருக்க விரலெல்லாம் சாம்பல். பாதியில் எழுந்தால் இழை கலைந்துவிடும். பசியும் தூக்கமும் தெரியாமல் இருக்கக் கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொள்வோம். எங்கள் வேலையில் எல்லோரும் அப்படித்தான். அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. வலிக்கவில்லை. காரம் பட்டால் எரிந்தது. குழம்பில் மிளகாயைக் குறைத்தேன். வயிற்றுச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை தின்றேன். புகையிலையை அடுத்த கன்னத்துக்கு மாற்றினேன். அப்போதும் வலிக்கவில்லை. வலித்தபோது போனேன். வலிக்காதபோதே போயிருக்க வேண்டும்.'

அந்த மிளகாய் குறைந்த குழம்பை நானும்தான் சாப்பிட்டேன். உப்பு சப்பில்லை என்று சொன்ன ஞாபகம். கட்டுரையில் அது வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

ஐப்பசி 8, சனி

மழை. பால்காரர் வரவில்லை. காலையில் கட்டுரையைக் கொடுத்துவிட்டு வந்தேன். நஸ்ரீன் தட்டெழுதினாள். இடையில் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள சென்னையில் ஒரு பையன் இருக்கிறானாம். படித்துவிட்டு, சோகமாக இருந்தால் ஜனங்கள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்றானாம். தலைப்பில் ஓர் எண் இருக்க வேண்டும், பாட்டி சிரிக்கிற படம் வேண்டும் என்றும் சொல்லி, அவனே மாற்றி எழுதி அனுப்பிவிட்டான். சாயங்காலம் மறுபடி போனபோது காகிதத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ச.வுக்குப் படித்தேன்.

'பளிச்சென்ற புன்னகைக்கு ஐந்து ரகசியங்கள்.'

ச. சிரித்துவிட்டாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம், தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர். இருமல் வந்து குழாயைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. பிறகு சிலேட்டில் எழுதினாள். "இதில் நான் எங்கே?" அதன் கீழே, "படம் இப்போது இருக்கிற முகம். பெயரும் போடச் சொல்."

ஐப்பசி 9, ஞாயிறு

மகன் முரளி வந்தான். ஒரகடத்தில் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். ஞாயிறு தவறாமல் வருவான், மருந்தும் பழமும் வாங்கி வருவான், குழாய் சுத்தம் செய்வான். பாசத்துக்குக் குறையில்லை.

படம் விஷயத்தைச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது. அவன் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஏம்பா, ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா அவங்களுக்கு? பொண்ணு பாக்க வர்றவங்க போன்ல இதப் பாத்தா பரம்பர வியாதின்னு எழுந்து போயிடுவாங்க. பேரு வேற போடணுமா?"

பரம்பரை இல்லை, புகையிலை என்றேன். கட்டுரையைப் படித்துப் பார் என்றேன். காதில் வாங்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் சொல்லிவிட்டான்.

"அந்த மூஞ்ச என்னாலயே பாக்க முடியல. ஊரு பாக்கணுமா?"

ச. கட்டிலில்தான் இருந்தாள். கேட்டுவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு யார் வந்தாலும் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். மகன் வந்தாலும். அதை எடுத்தாள். அவனைக் கிட்டே வரும்படி கையை ஆட்டினாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு போய் நின்றான். அவன் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் தூக்கினாள். விடவில்லை.

அவன் பார்த்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு கட்டிலில் தலையை வைத்து அழுதான், சின்ன வயதில் அழுத மாதிரியே, விக்கல் எடுத்து. அவள் அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிலேட்டை எடுத்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் படத்தை அவனே எடுத்தான். ஜன்னலைத் திறந்து வெளிச்சம் பார்த்து, தலையை வாரிவிட்டு, "கொஞ்சம் இந்தப் பக்கம்மா, ஆங், அப்படியே" என்று.

ஐப்பசி 11, செவ்வாய்

வெயில். டாக்டரம்மா சென்னைப் பையனிடம் பேசிவிட்டார். எண் இல்லை, ரகசியம் இல்லை. ச. சொன்னபடியே போட்டாயிற்று. மேலே அவள் படம், கீழே அவள் பெயர், அதற்குக் கீழே எழுத உதவியவர் என்று என் பெயர். நஸ்ரீன் போனைக் கையில் கொடுத்தாள். விரல் வைத்துப் படித்தேன். எழுத்து அச்சு எழுத்து, வார்த்தை நாங்கள் எழுதியது. காத்திருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். சத்தமாகப் படித்திருக்கிறேன்.

முரளிக்கு அனுப்பச் சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியில் கண்ணில் பட்ட பலகை எல்லாம் படித்தேன். பட்டு மாளிகை. பாத்திரக் கடை. இங்கு வண்டி நிறுத்தாதீர்கள். எல்லாம் யாரோ என்னைப் போல் உட்கார்ந்து எழுதியது.

ச. தூங்கிக்கொண்டிருந்தாள். வலி மருந்து. எழுப்பவில்லை. இரவு அரைக்கண் திறந்தபோது, பக்கத்து வீட்டுப் போனை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தேன். படம் வரை பார்த்தாள். எழுத்துக்கு வருவதற்குள் மூடிக்கொண்டாள். காதருகே குனிந்து முழுக்கப் படித்தேன். விரல் அசைந்தது. கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஐப்பசி 14, வெள்ளி

சரோஜா போய்விட்டாள். விடியும்போது. கஞ்சி அடுப்பில் இருந்தது.

ஐப்பசி 15, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஐப்பசி 20, வியாழன்

மேகமூட்டம். திருப்புட்குழியிலிருந்து மைத்துனர் வந்து தங்கியிருக்கிறார். காரியம் முடியும்வரை நான் இன்னொருவர் படி ஏறக் கூடாது என்று கட்டளை. சாமான் வாங்கக் கடைக்கும் முரளிதான் போகிறான். வீட்டில் சத்தமே இல்லை. ஒரு வருடமாக அவள் பேசவில்லை, ஆனாலும் இந்த மாதிரிச் சத்தமில்லாமல் இருந்ததில்லை.

மதியம் நஸ்ரீன் வந்தாள். உள்ளே வர யோசித்து வாசலிலேயே நின்றாள். கட்டுரையை நிறைய பேர் படித்திருக்கிறார்கள் தாத்தா என்றாள். கீழே பதிலும் எழுதியிருக்கிறார்களாம். ஒன்றை மட்டும் காட்டினாள். வாலாஜாபாத் பக்கம் ஒரு பெண், பாவு பிணைக்கிறவள். மகனை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'எனக்கும் கன்னத்தில் வெள்ளையாக இருக்கிறது. வலி இல்லை. போகப் பயமாக இருக்கிறது. சரோஜாம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?'

சென்னைப் பையன், நலமாக இருக்கிறார் என்று போடச் சொல்கிறானாம். உண்மையைச் சொன்னால் அந்த அம்மா பயந்து வராமலே போய்விடுவாள் என்கிறானாம். "டாக்டர் உங்களையே கேக்கச் சொன்னாங்க தாத்தா. நீங்க சொல்லுங்க, நான் போட்டுடறேன்."

பையன் சொல்வதும் சரியாக இருக்கலாம். மைத்துனர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். போனைக் கொடு, நானே போடுகிறேன் என்றேன். ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாக. நஸ்ரீன் பொறுமையாக நின்றாள்.

'அம்மா, சரோஜா போன வெள்ளிக்கிழமை இறந்துவிட்டாள். அவள் வலித்த பிறகு போனாள். உங்களுக்கு இன்னும் வலிக்கவில்லை. நாளைக் காலை வாருங்கள். தனியாக உள்ளே போகப் பயமாக இருந்தால், நான் கிளினிக் வாசலில் நிற்கிறேன்.'