டிரைவர் கையில் உன் கடிகாரம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே நலமாக இருக்க வேண்டும். இங்கே நான் நலம், அப்பாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாமென்றால் பேச ஆரம்பித்ததுமே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. அப்பாவை அலுவலகத்தில் கிளை முழுவதற்கும் தலைவராக்கிவிட்டார்கள், சாப்பாடு மீட்டிங்கிலேயே முடிந்துவிடுகிறது, வீட்டு வாசலில் காரில் ஏறி அலுவலக வாசலில் இறங்குகிறார், கால் தரையில் படுவதே குளியலறையில்தான். சிகரெட்டை விட்டுவிட்டாராம், பால்கனிப் பூந்தொட்டியைக் கிளறினால் தெரியும். பிரஷர் மாத்திரை நினைவு வந்தால் உண்டு.

நீ கட்டியிருப்பதுபோலவே அவருக்கும் அனுப்பிய கடிகாரம் அவர் நடையையும் நாடித்துடிப்பையும் உன் போனில் காட்டுகிறதென்று வாராவாரம் பாராட்டுகிறாயே, அது டிரைவர் தம்பியின் நடையப்பா. காலையில் காரில் ஏறியதும் கழற்றி அவன் கையில் கட்டிவிடுகிறார். அவன் சும்மா உட்காராத ஆள், இவர் மீட்டிங்கில் இருக்கும்போது மற்ற டிரைவர்களோடு பந்து விளையாடுகிறான். போன வாரம் டாக்டர் கடிகாரம் காட்டிய கணக்கைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நடக்கிறீங்க, நெஞ்சும் அடைக்கலங்கிறீங்க, அப்ப டெஸ்டுக்கு அவசரமில்ல, அப்புறம் பாக்கலாம் என்று சொல்லிவிட்டார். அதுவரை எனக்கு இந்தக் கடிகார விஷயம் தெரியாது, போன உயிர் வந்தது. அப்பா மருந்துக் கடையில் நின்றபோது நான் காரில் ஏறினேன், டிரைவர் திரும்பி, எனக்கு ஹார்ட் நல்லாருக்காமாம்மா என்று சிரித்தான், என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வீட்டில் கேட்டேன். பையன் ஆசையா அனுப்பினது, நான் நடக்கலன்னு தெரிஞ்சா அங்க உக்காந்து கவலைப்படுவான்டி என்றார். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன், எங்கப்பா நெஞ்சு வலியில போன வயசத் தாண்டியாச்சு, இனி எல்லாம் போனஸ் என்று டிவி சத்தத்தைக் கூட்டினார். நானே டாக்டரிடம் நேரம் வாங்கினேன், மீட்டிங் என்று அப்பா ரத்து செய்துவிட்டார். இழுத்துப்போக அவரென்ன குழந்தையா.

நேற்று லிப்ட் ஓடவில்லை. ஒரே ஒரு மாடி. பாதியில் நின்று, ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார். காலில் போட்டிருந்தது செருப்பு. நான் பார்க்காததுபோல நின்றேன், வேறென்ன செய்ய. கடிகாரம் கீழே டிரைவரிடம். அந்த நேரம் பார்த்து, இன்னைக்குப் பல்ஸ் பிரமாதம்ப்பா என்று உன் செய்தி வந்தது. படியிலேயே உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டே, பாத்தியா என்று என்னிடம் நீட்டினார்.

நான் சொன்னால் நச்சரிப்பு, நீ சொல்லியாவது கேட்பாரா, தெரியவில்லை. இனிப் பாராட்டாதே, அது போதும். டிரைவரைக் கோபித்துக்கொள்ளாதே, பாவம், முதலாளி சொன்னதைச் செய்தான்.

நீ நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். போன மாதப் படத்தில் உனக்கும் அப்பா மாதிரியே தொப்பை. உன் கடிகாரம் உன் கையில்தானே இருக்கிறது?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா