ஓரறைப் பள்ளிக்கூடத்துக்குக் கோழிவலை

முரசுமோட்டை,
11.11.1984

அன்பு மகள் சிவனேஸ்வரிக்கு,

புளியம்பொக்கணை நாகதம்பிரான் துணையால் நானும் அம்மாவும் இரண்டு மாடுகளும் சுகம், நீயும் மருமகனும் லண்டன் குளிரில் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுகிறோம். அம்மாவுக்கு முழங்கால் நோ குறைந்துவிட்டது, எனக்குத்தான் ஒரு வாரமாக வாய் நோ, ஊரைத் திட்டித் திட்டி வந்தது.

நீ அரிவரி படித்த ஓரறைப் பள்ளிக்கூடம் நினைவிருக்கும், நாங்கள் குடியேறிய வருடம் களிமண்ணில் அரைச்சுவர் வைத்துக் கிடுகு வேய்ந்தது. பெரிய பள்ளிக்கூடம் வந்தபின் அது ஆடு படுக்கத்தான் உதவியது. போன வருடக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஓடிவந்து வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருக்கிறார்களே, அவர்களின் பிள்ளைகளைப் பிறப்புப் பத்திரம் இல்லையென்று ஓரிடத்திலும் சேர்க்கவில்லை. அவர்களில் சிவலட்சுமி என்றொரு பிள்ளை, பத்தாம் வகுப்புப் படித்தவள், ஆடுகளைக் கலைத்துவிட்டு அந்த அறையில் முப்பது பேருக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பொறுக்குமா எங்கள் ஊர்ச் சங்கம்? தலைவர் தில்லைநாதன் எங்கேயோ பழம்பொருள் வைத்திருக்கும் ஒரு நூதனசாலையைப் பார்த்துவிட்டு வந்து, இது எங்கள் சரித்திரம், பாதுகாக்க வேண்டும் என்று கூட்டம் வைத்தார். பாதுகாப்பு என்றால் பிள்ளைகளை வெளியே விட்டு, அரைச்சுவருக்கு மேலே கோழிவலை அடித்து, கதவைப் பூட்டி, உள்ளே பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளை வெறுமையாகக் காட்சிக்கு வைப்பது. எழுத வெட்கமாக இருக்கிறது, உன் அப்பாவும் கையுயர்த்தியவன்தான். தூண் தறித்த என் கோடாலியைப் பெயர் அட்டையோடு சுவரில் மாட்டுவோம் என்றார்கள், மயங்கிவிட்டேன். இப்போது கோடாலி சரித்திரத்தில் தொங்குகிறது, நான் விறகு கொத்த ஏரம்பு வீட்டில் இரவல் கேட்கிறேன், அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கொட்டும் மழையில் அந்தப் பக்கம் போனேன். பிள்ளைகள் வலைக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்று, சங்கம் அழகுக்காகக் கரும்பலகையில் எழுதிவைத்த அ, ஆவைப் பார்த்துப் படிக்கிறார்கள். சிலேட்டெல்லாம் எழுத்து வழிகிறது. ஏன் பிள்ளை மழையில் நிற்கிறீர்கள் என்று சிவலட்சுமியைக் கேட்டேன். "பாக்குறதுக்குத் தடையில்லன்னு தலைவரய்யா சொன்னாங்க, அதான் வெளியில நின்னு பாக்குறோம்" என்றாள். வீட்டுக்கு ஓடிக் குறடு எடுத்துவந்து ஒரு பக்கத்து வலையை முழுதாக வெட்டிப் போட்டேன். கை கிழிந்தது, வேட்டியும் கிழிந்தது, வீரனைப் போலவா நின்றேன், நாய் துரத்திய தபாற்காரனைப் போல நின்றேன். பிள்ளைகள் சுவரேறிக் குதித்து வாங்குகளில் இருந்துவிட்டார்கள், இன்றுவரை எழும்பவில்லை.

மார்கழி இரண்டாம் திகதி சங்கக் கூட்டம். சரித்திரச் சின்னத்தைச் சேதப்படுத்தியதற்கு எனக்கு விசாரணையாம், புது வலையும் வாங்கி வைத்தாயிற்றாம். தில்லைநாதன் உனக்கும் எழுதுவார், இங்கே படித்து லண்டனில் தாதியான முதற் பிள்ளை என்று புகழ்ந்து, அந்தக் கூட்டத்தில் வாசிக்கச் சின்னத்துக்கு ஒரு வாழ்த்துரை கேட்பார். எழுது. நீ படித்த நாளிலும் அந்த அறை ஒழுகியது, ஆனால் உன்னை வெளியே நின்று பார் என்று ஒருவரும் சொல்லவில்லை என்று எழுது. நான் சொன்னால் பகிடி என்று சிரிப்பார்கள், உன்னுடையதை மேடையில் வாசிக்கத்தான் வேண்டும்.

நாகதம்பிரான் உங்கள் இருவருக்கும் காவலாக இருக்கட்டும், வேலைக்குப் போகும்போது தலையை மூடிக்கொண்டு போ. கடிதத்தை மட்டும் பிந்தவிடாதே, இங்கே இன்னும் இரண்டு மாத மழை இருக்கிறது.

இப்படிக்கு
அன்பு அப்பா
க. நல்லதம்பி