உனக்குச் சொல்லப்படாத துஷ்டி

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் பாத்தியப்பட்ட அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன்னோடு சண்டை போடத்தான் எழுதுகிறேன். நீ இருந்தபோதே போட்டிருக்க வேண்டிய சண்டை, யார் விட்டார்கள்? "அண்ணன்கிட்ட சத்தமாப் பேசாத கோமதி, ஹார்ட் பேஷண்ட்டு" என்று வாசலிலேயே என் வாயை அடைத்துத்தான் உள்ளே விட்டார்கள். இப்போது நீ மாலை போட்ட படத்தில் இருக்கிறாய். இனிமேல் உனக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவி ரோட்டில் கார்கள் ஒன்றின் முதுகில் ஒன்று நிற்கின்றன. நீ மேனேஜராக இருந்த லாட்ஜில் ரூம் காலியில்லை என்று போர்டு போட்டிருக்கிறார்கள். நேற்று பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போனேன். உன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாவம், அந்த மனுஷர் என்ன செய்தார்? இருந்தாலும் எரிச்சலாக வந்தது.

போன சீசனில் அந்த நாற்காலியில் வைத்துத்தான் உனக்கு நெஞ்சு வலித்தது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய், ஸ்டென்ட் வைத்து, பிழைத்துத் தென்காசி வீட்டுக்கு வந்தாய். டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: மாத்திரையை விடாதே, தினமும் மெல்ல நட, உடம்பு தேறியதும் வேலைக்குக்கூடப் போகலாம். மாத்திரை மட்டும்தான் நம் வீட்டார் காதில் விழுந்தது. உன்னைக் கட்டிலில் உட்காரவைத்து விட்டார்கள். ராணுவத்தில் பனியில் நின்றவனுக்குக் குளிக்கப் போனால் வெளியே ஒரு காவல்.

அப்புறம் வந்தார்களே, பார்க்க வருகிறவர்கள்! உடம்பு சரியில்லாதவனைப் போய்ப் பார்க்காவிட்டால் நம் ஊரில் அது ஜென்மப் பகை. ஆளுக்கொரு ஹார்லிக்ஸ், அரைக்கிலோ ஆப்பிள், கூடவே ஒரு சாவுக் கதை. "எங்க சகலைக்கும் இப்படித்தான், நல்லா இருக்கார்னுதான் நெனச்சோம்" என்று உன் முகத்துக்கு நேராக ஆரம்பிப்பார்கள். "மொத அட்டாக் ஒண்ணும் செய்யாது, ரெண்டாவதுதான் ஆளைத் தூக்கும்" என்று ஒருவர் சொல்லிவிட்டு, மதினி கொடுத்த காப்பியில் சீனி போதாது என்றார். அந்த ஆளை அன்றைக்கே வெளியே தள்ளியிருக்க வேண்டும். நீ சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினாய். எதற்கு அண்ணா அந்தக் கும்பிடு?

உனக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடினால் திறக்க மாட்டோமோ என்று தூங்காமல் கிடந்தாய். டிவியில் ஒரு பாட்டு வந்தாலும் கண் கலங்கியது. காரணமே இல்லாமல் மதினி மேல் எரிந்து விழுந்தாய், பிறகு அவளைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்தாய். நெஞ்சு வலி வந்து பிழைத்தவர்களுக்கு இது வருமாம், வைத்தியம் கூட இருக்கிறதாம். இதை எனக்கு ஒரு டாக்டர் சொன்னார், நீ போன பிறகு. முன்னாலேயே ஏன் யாரும் சொல்லவில்லை? இரத்தத்தில் என்னென்னவோ பார்த்தார்களே, "மனசுக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு வாய் கேட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

கேட்டவர் ஒருவர்தான். ஆலங்குளத்துச் சுடலை அண்ணாச்சி, பட்டாளத்தில் உன்னோடு இருந்தவர். அவருக்கும் முன்பே ஒரு தடவை நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வைத்து, அதற்குப் பிறகும் தோட்டத்தில் தக்காளி போட்டுக்கொண்டிருந்தவர். சாயங்காலம் ஆனால் போன் செய்வார். அவர் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். "ஏலே, எனக்கும் இப்படித்தாம்லே இருந்துச்சு. ராத்திரி பொண்டாட்டியை எழுப்பி, நான் மூச்சு விடுதனான்னு பாருட்டின்னு கேட்டிருக்கேன். இப்ப பாரு, மம்பட்டி புடிக்கேன்." நீ வாய்விட்டுச் சிரிப்பாய். எங்களிடம் சொல்லாத பயத்தையெல்லாம் அவரிடம்தான் சொன்னாய்.

அவர் செத்துப்போனார். நெஞ்சு வலியாலும் இல்லை, வேறு சீக்காலும் இல்லை. திருநெல்வேலி ரோட்டில் லாரி மோதி.

உன் மகன் குமாருக்குச் செய்தி வந்தது. போலீஸ்காரன் இல்லையா, உடனே ஒரு உத்தரவு போட்டான்: அப்பாவுக்குத் தெரியக் கூடாது, அதிர்ச்சி தாங்க மாட்டார். மதினி தலையாட்டினாள். சொந்தபந்தம் முழுக்க வாயை மூடிக்கொண்டது. எனக்கும் சொல்லவில்லை. "அத்தை வாயில எதுவும் நிக்காது" என்றானாம் உன் மகன். உண்மைதான், நின்றிருக்காது!

நீ போன் போட்டாய். எடுக்கவில்லை. மறுநாளும் போட்டாய். அவர் போன் ரிப்பேர் என்றான் குமார். மகன் வீட்டுக்கு ஓசூர் போயிருக்கிறார் என்றாள் மதினி. ஆளுக்கொரு பொய் சொன்னால் உனக்குத் தெரியாதா? உனக்குப் பொய் என்று தெரிந்தது, என்ன பொய் என்றுதான் தெரியவில்லை. நான் செங்கோட்டையிலிருந்து வந்த அன்று என்னிடம் கேட்டாய்.

"சொடலை ஏம்ட்டி போன் எடுக்க மாட்டேங்கான்?"

"தோட்டத்துல வேலை இருக்கும்ண்ணே."

"அதெல்லாம் இல்லட்டி. சீக்காளி கூடத் தெனமும் பேசுதது யாருக்குப் புடிக்கும்? சலிச்சுப் போயிருக்கும்."

அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கிறது. உயிரோடு இல்லாத ஒரு மனுஷரை, உன்னைக் கைவிட்டவர் என்று நினைக்க வைத்தார்களே. அதற்குப் பெயர் அதிர்ச்சி இல்லாமல் பார்த்துக்கொள்வதா?

அதற்குப் பிறகு நீயும் மறைக்கத் தொடங்கினாய். காலில் செருப்பு நுழையவில்லை, வீக்கம். "ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்" என்றாய். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாய், முதுகு வலி என்று சொல்லி. இருதயம் சரியாக இறைக்காததால் வந்த நீர் என்று நீ போன பிறகு சொன்னார்கள். செருப்பு இறுகிய அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் குமாரைக் கோபித்தார். நீ ஏன் சொல்லவில்லை? சொன்னால் வாசலுக்குக்கூட விடமாட்டார்கள் என்றா? மாத்திரையையும் ஒன்றுவிட்டு ஒன்று போட்டிருக்கிறாய். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான்.

ஆலங்குளம் கதை, நீ போன பிறகுதான் எனக்குத் தெரியும். சுடலை அண்ணாச்சி மனைவி பார்வதி அக்கா உன் சாவுக்குத் துஷ்டி கேட்க வந்தாள். நம் பெண்களோடு கைகோத்து அழுதுவிட்டு, என்னை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறிப் போயிருக்கிறாய். அவர்கள் வீட்டு வாசலில் நின்று கத்தியிருக்கிறாய்: "ஏலே சொடலை, வெளிய வாலே! போனை எடுக்கதுக்கு உனக்கு என்னலே கேடு?"

பார்வதி அக்கா வெறும் நெற்றியோடு வெளியே வந்தாளாம்.

"எனக்கு ஆத்திரம் கோமதி. கூடப்பொறந்தவன் மாதிரி இருந்தவரு, சாவுக்கும் வரல, கருமாதிக்கும் வரல. நல்லா நாலு கேக்கணும்னு இருந்தேன். இவரு நிக்குத நெலையைப் பாத்ததும், ஐயோ, இவருக்குத் தெரியாதுன்னு வெளங்கிட்டு. அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாவ. தண்ணி குடுத்தேன். குடிக்க மூச்சு ஒத்துழைக்கல."

கிளம்பும்போது நீ அவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "எனக்குத் தெரியும்னு எங்க வீட்டுல சொல்லிராத தாயி. பயந்துருவாவ."

எப்படி அண்ணா? நண்பன் செத்ததை வாசலில் நின்று தெரிந்துகொண்டு, திரும்ப பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து, ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார எப்படி முடிந்தது? அவர்கள் உன்னைக் காப்பாற்றுவதாக நடித்தார்கள், நீ அவர்களைக் காப்பாற்ற நடித்தாய். ஒரு வீட்டில் எத்தனை பேர்தான் நடிப்பது? "ஏன் என்கிட்ட மறைச்சீங்க?" என்று ஒரு தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாமே. நெஞ்சடைக்க அழுதிருந்தால்கூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன். மார்கழியில் ஒரு காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் போய்விட்டாய்.

இப்போதைய செய்தியைக் கேள். மதினிக்குப் பிரஷர் அதிகம், நெஞ்சு படபடக்கிறது என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் சுரண்டையில் அவளுடைய அண்ணன் காலமாகிவிட்டார். குமார் எனக்குப் போன் பண்ணினான். இந்தத் தடவை எனக்குச் சொல்லும் அளவுக்கு அவனுக்குப் புத்தி வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"அத்தை, அம்மாட்ட இப்ப சொல்லாண்டாம். காரியம் எல்லாம் முடியட்டும்."

நான் போனை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். மதினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "மதினி, சுரண்டை அண்ணாச்சி இறந்துட்டாவ. காலையில. வா, போவோம்" என்றேன். குமார் வாசலில் நின்று என்னைக் கண்டபடி கத்தினான். நானும் கத்தினேன். தெரு முழுக்கக் கேட்டிருக்கும், கேட்கட்டும். மாத்திரையைப் போடவைத்து, கார் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணன் காலடியில் விழுந்து அழுதாள். நீ போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை அண்ணா. பக்கத்திலேயே இருந்தேன், ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது கார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே மதினி சொன்னாள்: "கோமதி, ஒருநாள் கோயிலுக்குன்னு போயிட்டு உங்க அண்ணன் இருட்டுனப்பெறவுதான் வந்தாவ. வந்ததும் சோறு போடுன்னு கேட்டு வாங்கித் தின்னாவ. மறுசோறும் கேட்டாவ. உடம்பு தேறிட்டுன்னு நெனச்சு, நான் சாமிக்கு வெளக்குப் போட்டேன்."

நீ ஆலங்குளம் போய்வந்த நாள் அது. அவளிடம் இன்னும் அதைச் சொல்லவில்லை. இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுவேன், பார்வதி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்து. குமாரையும் உட்காரவைத்துத்தான். மூன்று பேருமாக உனக்காகவும் சுடலை அண்ணாச்சிக்காகவும் அழட்டும். நம் குடும்பத்தில் இனி யாருக்கு நெஞ்சு வலித்தாலும், அவர்களுக்கு வேண்டியவர்களின் சாவை அவர்களிடம் மறைக்காமல் சொல்வேன். சொல்லிவிட்டு எழுந்து போகாமல் கூடவே இருப்பேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
கோமதி