ரதி அழுதும் எழாத காமன்

என்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணனுக்கு,

இந்த மாசியில் நம் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கவில்லை. பீலியில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்ற சண்டையில், மாரிமுத்து அடித்து நீங்கள் செத்துப்போன நாளிலிருந்து நம் மேல் லயத்து வீட்டாரும் மாரிமுத்துவின் கீழ் லயத்து வீட்டாரும் முகம் பார்ப்பதில்லை. மாரிமுத்து கண்டி ஜெயிலில் இருக்கிறான். உங்கள் மகன் ராசு தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பாய்க்கு அடியில் வைத்துத் தூங்குகிறான். "அவன் வெளிய வரட்டும்" என்கிறான். மீசை முளைக்காத பிள்ளை பேசுகிற பேச்சா இது, அண்ணே? எனக்குப் பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் அந்தச் சண்டையைச் சிலேட்டில் வரையச் சொன்னேன். மேல் லயத்துப் பிள்ளைகள் கீழ் லயத்தார் கையில் மட்டும் தடி வரைந்தார்கள். கீழ் லயத்துப் பிள்ளைகள் அப்படியே மாற்றி வரைந்தார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். பெரியவர்கள் விட்ட கூத்தை நீங்களாவது ஆடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால், "கணக்குச் சொல்லிக் குடுக்கிறத விட்டுட்டு இதென்னடா கூத்து?" என்று கேட்டிருப்பீர்கள்.

இரத்தோட்டைக்கு நடந்துபோய்க் கலர்ப் பொடி வாங்கி வந்தேன். தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் பிள்ளைகள் கிரீடம் வெட்டினார்கள். ராசு காமனானான். ரதி வேஷம் தனக்கு வேண்டும் என்று எழுந்து நின்றவன் யார் தெரியுமா? மாரிமுத்துவின் மகன் சடையன். மறுக்காமல் ஒரு கிரீடத்தை அவனிடம் கொடுத்தேன்.

சிவன் எரித்தார், காமன் விழுந்தான். சடையன் அழுதது வேஷத்துக்கு அழுத அழுகை இல்லை, அண்ணே. கதைப்படி அந்த அழுகைக்கு இரங்கிச் சிவன் உயிர் கொடுப்பார், காமன் எழ வேண்டும். ராசு எழவில்லை.

"எந்திரிடா, கூத்து முடியப் போவுது" என்றேன்.

"நான் எந்திரிச்சா எல்லாரும் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. எங்கப்பா எந்திரிக்கலயே, சித்தப்பா."

உங்களிடமாவது பதில் இருக்கிறதா?

"நீ எந்திரிக்கிற வரைக்கும் நானும் இங்கதான் இருப்பேன்" என்று சடையன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பள்ளி விடும் மணி அடித்தும் இருவரும் அசையவில்லை. சாயங்காலம் அண்ணி தேடிக்கொண்டு வந்தார். சடையனை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். ஆனால் அவர், "இருட்டப் போவுது, ரெண்டு பேரும் வாங்க" என்றார்.

ராசு கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எழுந்தான். சடையனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகு பலமுறை ஆடிவிட்டோம். ஒருமுறைகூட அவன் காமனாக எழவில்லை.

அன்று பீலியடியில் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்திரிங்கண்ணே, எந்திரிங்கண்ணே" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டேன். உங்கள் மகனைக் கூப்பிடுவதை நிறுத்த மாட்டேன்.

உங்கள் தம்பி,
ராசுவின் சித்தப்பா