சொல்லி அனுப்புகிறோம்

மார்ச் 4

அன்புள்ளவளுக்கு,

போனில் பேசினால் நாலாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது. நீ சொன்னபடி எழுதிப் பார்க்கிறேன்.

ஃபாக்டரியை மூடி ஏழு மாதம். இந்த வாரம் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் மூன்று கன்சல்டன்சிகளிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பெண் என் பத்தொன்பது வருட அனுபவத்தில் ஏழு வருடத்தை வெட்டச் சொன்னாள். "ரொம்ப சீனியரா தெரியுறீங்க சார்!" இன்னொருவன், "என்ன வேலை பார்த்தீங்க?" என்றான். வால்வுகளைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டர் என்றேன். "அப்ப பிளம்பரா சார்?" இருவருமே கடைசியில், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

மூன்றாமவர் பரவாயில்லை. நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு ஸ்டாப் தள்ளியிருக்கும் வால்வு கம்பெனியில் இன்ஸ்பெக்டர் வேலையாம். பயோடேட்டாவை அனுப்பிவிட்டார்.

வேலையோடுதான் அங்கே வருவேன். அதில் மாற்றமில்லை. பாப்பாவிடம் இப்போது எதுவும் சொல்லாதே.

உன்,
நான்

மார்ச் 11

என்னங்க,

பாப்பா கடிதத்தைப் படித்துவிட்டாள். அப்பா எப்போ வர்றார் என்று தினமும் நச்சரிக்கிறாள். என்ன பதில் சொல்ல?

காலர் நைந்த அந்த நீலச் சட்டையோடு இன்டர்வியூவுக்குப் போய் நிற்காதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 19

அன்புள்ளவளுக்கு,

அந்த வேலை போய்விட்டது. என் பெயர் வேறொரு கன்சல்டன்சி வழியாகவும் அங்கே போயிருக்கிறது. அப்படிப் போனால் கமிஷன் யாருக்கு என்று தகராறு வருமாம். அதனால் ஆளையே ஒதுக்கிவிடுவார்களாம். ஆறு மாதத்துக்கு அங்கே என் பெயரை எடுக்கவே மாட்டார்கள்.

ஏழு வருடத்தை வெட்டச் சொன்னாளே, அவள் வேலையாகத்தான் இருக்கும். போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். "நான் அனுப்பல சார், நம்புங்க" என்று அழுதாள். வைத்துவிட்டேன்.

நான்

மார்ச் 25

என்னங்க,

அந்தப் பெண் அனுப்பவில்லை. நான்தான்.

என் வார்டில் கால் ஒடிந்து கிடந்தவர் ஆள் எடுத்துக் கொடுப்பவராம். கட்டு மாற்றும்போது அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். "இன்னைக்கே அனுப்பிடலாம் சிஸ்டர்" என்றார். உங்கள் பயோடேட்டா என் போனில் இருந்தது. இரண்டு பேர் தள்ளினால் கதவு சீக்கிரம் திறக்கும் என்று நினைத்தேன். உங்களிடம் கேட்டால் கத்துவீர்களே என்று கேட்கவில்லை.

எனக்கு விழ வேண்டிய திட்டு அவளுக்கு விழுந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரி

ஏப்ரல் 2

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. களைப்புதான் வந்தது.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், ஒரு நாளைக்கு நாலு பேராவது திட்டுவாங்க" என்றாள். அவளுக்கும் இந்த மாதத்தோடு வேலை போகிறதாம். அவளுடைய பயோடேட்டாவில் எதை வெட்டலாம் என்று என்னிடமே கேட்டாள்! எதையும் வெட்டாதே அம்மா என்றேன்.

வீட்டைக் காலி செய்வதாக ஓனரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வேலை இல்லாமல்தான். பாப்பாவிடம் சொல்லிவிடு.

இனி யாரிடம் என் பெயரைக் கொடுப்பதானாலும் கொடு. பக்கத்தில்தான் இருப்பேன், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடு.

உன்,
நான்