மூன்று முறை சேர வேண்டிய உதடு

சார்,

இன்று காலை ஆதார் அட்டையைத் தேடித் தகரப் பெட்டியைக் கவிழ்த்தபோது உங்கள் சட்டை வந்து விழுந்தது. இரண்டு வருடமாகப் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். பிரித்ததும் கரி வாசமும் வியர்வை வாசமும் சேர்ந்து வந்தன. விட்டுப்போன காட்சி ஏதாவது எடுக்க வேண்டிவரும், துவைக்காமல் வை என்று சொல்லிக் கொடுத்தீர்கள். திருப்பி வாங்க நீங்கள் இல்லை.

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. உங்கள் உதவி இயக்குநர் கவிதா அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய கண்ணீர் அஞ்சலியில், சினிமாவில் போட்ட போலீஸ் உடுப்போடு இருந்தீர்கள். எங்கள் ஊருக்கும் முதலில் அந்த உடுப்பில்தான் உங்களைத் தெரியும். நீங்கள் வந்து இறங்கிய அன்று டீக்கடையில் ஒருவர், "ஏலே, ஹீரோகிட்ட கன்னத்துல அடி வாங்குவாகளே, அவுகதான் இவுக" என்றாராம். நீங்கள் கோபப்படவில்லை. "அடி வாங்கித்தான் சொந்தமா இந்தப் படத்த எடுக்குறேன். இன்னும் ரெண்டு அடி வாங்குனா முடிச்சிருவேன்" என்றீர்களாம். அதை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பாள்.

மொத்தமே ஆறு பேர் வந்திருந்தீர்கள். லீவு விட்டிருந்த பள்ளிக்கூடத்தில் தங்கினீர்கள். எங்கள் அம்மாதான் உங்களுக்குச் சமைத்தாள். கருவேலம் விறகை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கும் ஒரு தகப்பன், பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகிற கதை. இயக்குவதும் நீங்கள், தகப்பனாக நடிப்பதும் நீங்கள். மகளாக நடிக்க மதுரையிலிருந்து வந்த பெண் வெயில் தாங்காமல் காய்ச்சலில் திரும்பிவிட்டாள்.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா வேலைக்குப் போனால் தம்பியைப் பார்க்க ஆளில்லை. யார் வந்தாலும் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். கதவு மறைவிலிருந்து நான் நீட்டிய தண்ணீர்ச் செம்பை வாங்கிக்கொண்டே, "இந்தப் புள்ள நடிக்குமா?" என்று அம்மாவிடம் கேட்டீர்கள். அம்மா, "அது பேசவே பேசாதே" என்றாள். "பேச வேண்டியது ஒரே வரிதான்" என்றீர்கள்.

சட்டை சமாச்சாரம் நான்காம் நாள் நடந்தது. தகப்பன் வேசத்துக்குப் போடும் அழுக்கேறிய அந்தச் சட்டையை நீங்கள் கொடியில் போட்டிருந்தீர்கள். நம் வீட்டில் சாப்பிடுகிறவர் கரிச்சட்டையோடு போனால் ஊர் என்ன சொல்லும் என்று அம்மா அதை ஊறவைத்து, கல்லில் அடித்து, நீலம் போட்டு, வெள்ளையாக்கி மடித்துக் கொடுத்தாள். கவிதா அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பாதிக் காட்சி கரிச்சட்டையில் எடுத்தாயிற்று, மீதியை எப்படி வெள்ளைச் சட்டையில் எடுப்பது?

"நாலு நாள் அழுக்க நாலு நிமிசத்துல எடுத்துட்டீகளேக்கா" என்று கேட்டீர்கள்.

"வெளுத்துக் குடுத்தது குத்தமா?" என்றாள் அம்மா.

அழுக்கைப் பூசிக்கொள்ளச் சொன்னார்கள். நீங்கள் கேட்கவில்லை. அந்தச் சட்டையோடு மூட்டத்துக்குப் போய் ஆட்களோடு சேர்ந்து பொழுது சாயும்வரை கரி அள்ளினீர்கள். திரும்பி வந்து, "பூசுனது வேற, ஒட்டுனது வேற" என்றீர்கள். அன்றிலிருந்து சட்டை என் பொறுப்பு. எந்தப் பொத்தான் திறந்திருந்தது, எந்தக் கை மடித்திருந்தது என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கும். வாய் பேசாதவளுக்குக் கண்ணாவது வேலை செய்ய வேண்டுமே.

கடைசி நாள் என் காட்சி. தகப்பன் பஸ் ஏறப் போகிறான். மகள் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்து, "பாத்துப் போயிட்டு வாங்கப்பா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். காற்று பலமாக அடித்ததால் சத்தம் பதிவாகாது, பிறகு டப்பிங்கில் பேசிக்கொள்ளலாம், இப்போது உதடு அசைந்தால் போதும் என்றார்கள்.

சார், என் அப்பாவும் அதே நிறுத்தத்தில்தான் பஸ் ஏறினார். ஆந்திராப் பக்கம் முறுக்குக் கம்பெனி வேலைக்கு. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றேன். ஒரு பொங்கலுக்கு வந்தார். அதற்குப் பிறகு போனும் இல்லை.

பொட்டலத்தை உங்கள் கையில் கொடுத்தபோது நீங்கள் சொல்லிக்கொடுத்த வரி எனக்கு வரவில்லை. "போகாதீங்க" என்றேன். எனக்கே கேட்காத குரல். உடனே தலையைக் குனிந்துகொண்டேன். காட்சி முடிந்து நீங்கள் திரும்பி வந்து, "என்ன சொன்ன?" என்று கேட்டீர்கள். "நீங்க சொன்னதத்தான் சொன்னேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தீர்கள். பிறகு எல்லோரிடமும், "ஓகே, இதுவே போதும்" என்றீர்கள். உங்களிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

போன வாரம் கவிதா அக்கா போன் செய்தார். நீங்கள் விட்டுப்போன படத்தை அவர்தான் முடிக்கிறார். மதுரையில் ஒரு பெண்ணை வைத்து என் வரியைப் பேசிப் பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம். "அந்த வரிக்கு மூணு தடவ உதடு சேரணும். உனக்கு ஒரு தடவதான் சேருது. நீ வந்து பேசிப் பாரு. சரியா வரலைன்னா அந்தக் காட்சியவே வெட்டிரணும்" என்றார்.

காட்சி போனால் என் பொய்யும் போய்விடும். போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்களோடு நான் இருக்கிற காட்சி அது ஒன்றுதான். அதை வெட்டிவிட்டால் அந்தத் தகப்பனை வழியனுப்ப யாரும் இருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வேலை பார்க்கும் தையல் கம்பெனிக்கு லீவு. பஸ் ஏறிவிட்டேன்.

அருப்புக்கோட்டையில் யாரோ ஒருவருடைய வீட்டு மாடி அறை. சுவரெல்லாம் மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மைக் முன்னால் நின்று கவிதா அக்காவிடம், "நான் அன்னைக்கு வேற சொன்னேன்க்கா" என்றேன். என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் திட்டவில்லை. படத்தை ஓடவிட்டார்.

அதுவரை அந்தக் காட்சியை நான் பார்த்ததே இல்லை. அன்று குனிந்த தலையை நீங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் போன பிறகுதான் நிமிர்த்தியிருந்தேன். திரையில் என் உதடு ஒருமுறை சேர்ந்து பிரிகிறது. திரும்பி நடக்கத் தொடங்கியவர் நிற்கிறீர்கள். பாதி திரும்புகிறீர்கள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறீர்கள். ஒரு மூச்சு விடும் நேரம். பிறகுதான் நடக்கிறீர்கள்.

"இவர் நிக்கிறது ஸ்கிரிப்ட்லயே இல்ல" என்றார் கவிதா அக்கா. "எதுக்கு நின்னாருன்னு இத்தன நாளா எங்களுக்குப் புரியல."

உங்களுக்குக் கேட்டிருக்கிறது, சார். கேட்டும், என்ன சொன்னேன் என்று என்னிடம் கேட்டீர்கள். நான் பொய் சொன்னதும் அதை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

நான்காவது முறைதான் எனக்குக் குரல் வந்தது. திரையில் இருந்த உங்கள் முகத்தைப் பார்த்து, "போகாதீங்க" என்று சத்தமாகவே சொன்னேன். உதடு பொருந்தியது என்றார்கள்.

அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் நின்றிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் சொன்னேன், நீங்கள் நின்றீர்கள். இப்போதெல்லாம் ஏதாவது சொல்ல வந்து பாதியில் தயங்கும்போது, அந்த ஒரு மூச்சு நேரத்தை நினைத்துக்கொள்கிறேன். சொல்லிவிடுகிறேன்.