புரியாணியில் ஒரு சிவப்புப் பொட்டு

இஞ்சாருங்கோ,

நேற்றுப் பின்னேரம் உங்கள் பாட்டறையில் இருந்தவர்கள்: நான், கொழும்பிலிருந்து லீவில் வந்திருக்கும் மகள் வதனி, குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்த றேடியோ திருத்துகிற நசீர், வேலிக்கு அந்தப் பக்கத்துப் பூரணம் அக்கா. பிள்ளையாரையும் சேர்த்தால் ஐந்து பேர். உங்களைச் சேர்ப்பதா விடுவதா என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓம், பாட்டறைதான். "இந்த றெக்கோட் பெட்டிக்கு ஒரு அறை வேணும், இஞ்சாரும்" என்று சொல்லிச் சொல்லியே கடைசிவரை அதை விறாந்தை அலுமாரிக்கு மேலே வைத்துக் கேட்டீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை, நீங்கள் போய் ஒரு வருசம், உங்கள் ஆட்டைத் திவசம். அதற்குள் அறை ஆக வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள்.

துறைமுகத்தைப் பார்த்த அறையை ஒழித்தோம். எதிரொலி அடங்கச் சுவரில் என் பழைய சேலைகளை மடித்துத் தொங்கவிட்டோம். பெட்டி இப்போது நம் அம்மிக்கல்லின் மேல் இருக்கிறது. சிரிக்காதீர்கள், நடக்கிற அதிர்வில் ஊசி துள்ளாமல் இருக்க அது நல்லதென்று நசீரே சொன்னார். ஸ்பீக்கர் இரண்டையும் இழுத்து இழுத்து வைத்ததில் ஒரு புதினம் நடந்தது. நடுவில் உட்கார்ந்து கேட்டால், பாட்டு பிள்ளையார் படத்தின் வயிற்றிலிருந்து வருகிறது.

அதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

நசீர் தட்டைச் சுழற்றுகிற பழைய பட்டியை மாற்றி, வேகத்தைச் சரிபார்த்து, நம் தேவாரத் தட்டைப் போட்டார். வழமைபோல நானும் கூடப் பாடத் தொடங்கினேன். ஏலவில்லை. ஓதுவார் எனக்கு முன்னால் ஓடுகிறார். சுருதியும் எட்டவில்லை. இரண்டாம் அடியிலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டேன்.

"ஏனடி பின்னால இழுபடுறாய்?" என்றார் பூரணம் அக்கா.

"இப்பதாம்மா சரியான வேகம்," என்றார் நசீர். "முந்தி மெல்லமா ஓடியிருக்கு. பழுதில்ல, ஆரோ வேணுமெண்டே குறைச்சு வெச்சிருக்காங்க. இங்க பாருங்க."

பெட்டியின் அடியில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகிற சின்னப் புரியாணி. அசையாமல் இருக்க அதன் தலையில் யாரோ சிவப்பு நகப்பூச்சு வைத்திருந்ததை, நசீர் சுரண்டித்தான் திருப்பியிருக்கிறார். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது, பொட்டு மாதிரி.

வதனி குனிந்து பார்த்தாள். "அம்மா, இது என்ர நகப்பூச்சு. பள்ளிக்கூடம் போகேக்க ஒளிச்சு வைச்சிருந்து காணாமப் போனது. நீங்கதான் எறிஞ்சனீங்கள் எண்டு உங்களோட கதைக்காமலே திரிஞ்சனான். அப்பா பக்கத்தில இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டெல்லோ இருந்தவர்? ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"அப்ப பிழை உன்னில இல்லையடி, பெட்டியில," என்றார் பூரணம் அக்கா. "கோயில்ல உன்ர தேவாரம் முடியிறதுக்குள்ள பொங்கல் ஆறிப்போகுதெண்டு நான் எத்தினை பேரிட்டச் சொல்லியிருப்பன்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் அதற்குப் பிறகு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. குசினிக்குப் போகிறேன், திரும்பி வந்து அறையில் கதிரையை நகர்த்துகிறேன், மறுபடி பழைய இடத்திலேயே வைக்கிறேன்.

எனக்குப் பாட்டுச் சொல்லித்தர யார் இருந்தார்கள்? அந்தத் தட்டு ஒன்றுதான். அகப்பையும் கையுமாக நின்று, "இந்த ஓதுவார் ஓடுறார், எனக்குப் பிடிபடேல்லை" என்று கத்தியது நினைவிருக்கிறது. பிறகொரு நாள் பிடிபட்டது. ஓடி வந்து சொன்னேன், "இஞ்சாருங்கோ, பிடிபட்டிட்டுது" என்று. பேப்பரை விலக்காமலே, "கெட்டிக்காரி" என்றீர்கள்.

எனக்காகவா குறைத்தீர்கள்? பழகிய பிறகு மெல்லக் கூட்டலாம் என்று நினைத்திருந்தீர்களா? அப்படியானால் ஏன் கூட்டவில்லை? மறந்தீர்களா, அல்லது நான் இன்னும் பழகவில்லை என்று விட்டீர்களா?

வீட்டுக் கணக்கில் ஒரு சதம் இடித்தாலும் படுக்கப் போகாதவள் நான். பிழையான வேகம் பிழைதான். ஆனால் உங்களை எடுத்துப் போன அன்று நான் பாடியதும் அந்த வேகத்தில்தானே? கடவுள் அதையும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்?

வெள்ளிக்கிழமை ஆட்கள் வருவார்கள். தட்டைப் போட்டு நான் கூடப் பாட வேண்டும். "சரியான வேகத்தில பழகுங்கோ அம்மா, உங்களால ஏலும்" என்கிறாள் மகள். "அந்த மனிசன் வைச்சதை அசைக்காதை" என்கிறார் பூரணம் அக்கா. நசீர் வியாழன் காலை மறுபடி வருகிறார், நான் சொல்லுகிற வேகத்தில் வைத்துப் பூசி இறுக்க. மகள் புது நகப்பூச்சும் வாங்கிவிட்டாள். அதே சிவப்பு.

நான் இரண்டு விதமாகவும் போடச் சொல்லிக் கேட்டேன். ஒன்றில் ஓதுவாரின் குரல் கேட்கிறது. மற்றதில் உங்கள் கை தெரிகிறது.

எந்த வேகத்தில் சுழன்றாலும் வெள்ளிக்கிழமை முழுப் பதிகத்தையும் பாடுவேன், நடுவில் நிறுத்தமாட்டேன். இது என் வாக்கு. ஆனால் எதில் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கனவில் வருகிறபோதும் முகத்துக்கு முன்னால் பேப்பரைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறீர்கள். இந்த முறை அதைக் கீழே வையுங்கோ. வியாழன் விடியிறதுக்கு முன்னம் பதில் தாங்கோ.

நீங்கள் 'இஞ்சாரும்' என்று கூப்பிட்ட,
வதனியின் அம்மா